ஃபிஸ்டுலா: டயாலிசிஸுக்கான இரத்தக்குழாய் இணைப்பு

டயாலிசிஸ் தேவைப்படும் நோயாளியின் கையில் தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் அறுவைச் சிகிச்சையால் இணைத்து உண்டாக்கும் இரத்தவழியே ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 250 முதல் 400 மில்லிலிட்டர் வரை இரத்தத்தை இழுத்துச் சுத்திகரிக்கிறது. கையில் தெரியும் சாதாரணச் சிரையில் அவ்வளவு ஓட்டம் இல்லை. தமனியில் ஓட்டம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருப்பதால் அடிக்கடி ஊசி குத்த முடியாது. இரண்டையும் இணைத்ததும் தமனியின் வேகத்தில் சிரை விரிந்து, சுவர் தடித்து, ஒவ்வொரு முறையும் இரண்டு பெரிய ஊசிகளைத் தாங்கும் நிலைக்கு வருகிறது.

1960இல் சியாட்டிலில் மருத்துவர் ஸ்கிரிப்னரின் குழுவினர் கையில் டெஃப்லான் குழாய் பொருத்தி, ஒரே நோயாளிக்குத் தொடர்ந்து டயாலிசிஸ் செய்யலாம் என்று காட்டினர். தோலுக்கு வெளியே நீண்டிருந்த அக்குழாயில் கிருமித்தொற்றும் இரத்த உறைவும் ஓயவில்லை. நியூயார்க்கில் பிரேசியா, சிமினோ, ஆப்பெல் ஆகிய மருத்துவர்கள் மணிக்கட்டில் நோயாளியின் இரத்தக்குழாய்களையே இணைத்து, 1966இல் முடிவுகளை வெளியிட்டனர். இன்றும் முதல் தெரிவு அதுதான்.

இணைக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்து நடத்தும் அறுவை இது. பெரும்பாலும் வேலைக்கு அதிகம் பயன்படாத கையைத் தேர்ந்தெடுப்பார்கள். மணிக்கட்டில் இரத்தக்குழாய் சரியில்லையென்றால் முழங்கைக்குப் போவார்கள். அங்கும் முடியாதவருக்குச் செயற்கைக் குழாய் வைப்பார்கள். ஃபிஸ்டுலா பக்குவப்பட ஆறு வாரமாவது ஆகும்; சிலருக்குப் பக்குவப்படாமலே போவதும் உண்டு. ஆகவே டயாலிசிஸ் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே இதைச் செய்துகொள்ள வேண்டும். மூச்சு வாங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்குக் கழுத்துச் சிரையில் செருகும் குழாய்தான் கதி. அதில் தொற்று அபாயம் கூடுதல். சிறுநீரக நோய் தெரிந்த நாளிலிருந்தே முன்கைச் சிரையில் டிரிப் ஏற்றாமல் காப்பது மிக முக்கியம்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் பிழைப்பே கையை நம்பியது. வலைக்கயிறு இழுப்பது, மீன் கூடை தூக்குவது, இடுப்பளவு நீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது எல்லாம் ஃபிஸ்டுலாக் கைக்கு ஆகாதவை. பாரம் இணைப்பை நசுக்கும். ஊசி குத்திய புண்ணில் உப்பங்கழிச் சேறு பட்டால் சீழ் பிடிக்கும். முறைவைத்து மீன் பிடிக்கும் பாடு வழக்கத்தில் ஒருவருடைய முறை டயாலிசிஸ் நாளில் வந்துவிட்டால் அன்றைய வருமானத்துக்கே சிக்கல். “கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது; எந்த வேலையை விட வேண்டும், எதைத் தொடரலாம் என்று பெயர் சொல்லி விளக்க வேண்டும். அறுவைக்கும் டயாலிசிஸுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. ஃபிஸ்டுலா தேவைப்படாத வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்கான திரவப் பைகளை, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது.

நன்றாக ஓடும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால் கிர்ரென்ற அதிர்வு தெரியும். தினமும் காலையும் மாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. இறுக்கமான வளையலும் கடிகாரமும் கூடாது. அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. விரல்கள் குளிர்ந்து வலித்தாலும், இணைப்பு இருக்கும் இடம் சிவந்து வீங்கினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதிர்வு நின்றால் உறைவு ஏற்பட்டிருக்கலாம். அன்றே போனால் பல நேரங்களில் அதை நீக்கி இணைப்பைக் காப்பாற்ற முடியும்.