உயர்வானில் உயிர்மூச்சு: விமானிகளின் பிராணவாயுக் கருவிகள் வளர்ந்த வரலாறு

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையிற் சென்றோர், றிவஸ்டனை அணுகுங்கால் காற்றுக் குளிர்வதை உடனே உணர்வர். அது மெலிவதையோ உணரார். கடல்மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். குளிரைச் சொல்லும் உடல், மூச்சுக்காற்றின் குறைவைச் சொல்லுவதில்லை. எம் மலைச்சாரலில் தீங்கற்ற இச்சிறு செய்தியே, உயர்வானிற் பறந்த விமானிகள் பலரின் உயிரைக் கொண்டுபோன பெருஞ் செய்தியாகும்.

காரணத்தை முதலில் நோக்குவோம். எத்துணை உயரஞ் சென்றாலும் வளியில் ஒட்சிசனின் விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே உள்ளது. குறைவது அமுக்கமே. 18,000 அடியில் அது கடல்மட்டத்தின் பாதியாகவும், 34,000 அடியிற் காற்பங்காகவும் ஆகிவிடும். நுரையீரலிலிருந்து ஒட்சிசனைக் குருதிக்குட் செலுத்துவது அவ்வமுக்கமே ஆதலின், மூச்சு நிறைய இழுத்தும் குருதி வறுமையுறுகின்றது. எனினும் மூச்சுத் திணறலாக நாம் உணர்வது பெரும்பாலும் உடலிற் காபனீரொட்சைட்டுத் தேங்குவதால் வருவது. உயரத்தில் அவ்வாயு தடையின்றி வெளியேறுகின்றது. ஆகவே திணறல் மிகுவதில்லை. மாறாக ஒருவித மகிழ்ச்சியும் அளவிறந்த தன்னம்பிக்கையும் தோன்றுகின்றன. முதலில் மயங்குவது மூளையே. துணைக்கருவியின்றி 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிடமும், 40,000 அடியிற் கால் நிமிடமளவுமே மனிதனுக்குப் பயன்படும் நினைவு நிலைக்கும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது, 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி பிரான்சிலிருந்து எழுந்த 'செனித்' என்னும் வாயுக்கூண்டின் பயணம். தீசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் என்னும் மூவரும் அதிலேறி 26,000 அடிக்கு மேற் சென்றனர். ஒட்சிசன் நிறைந்த பைகள் அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கின. குழாயை எடுத்து வாயில் வைத்தலே செய்யவேண்டிய வேலை. ஆனால் வேண்டிய வேளையில் அவர்தங் கைகள் எழவில்லை. தீசாந்தியே ஒருவரே உயிருடன் மீண்டார். அவர்களுக்கு அறிவுரை வழங்கிய உடற்றொழிலியல் அறிஞர் போல் பேர்ட், கொண்டுசெல்லும் வாயுப் போதாதென எழுதிய கடிதம் காலந்தாழ்த்தே சென்றதென்பர். 1878இல் வெளிவந்த அவரது பெருநூல் வளியமுக்கம் பற்றிய ஆய்வுக்கு அடிப்படையாயிற்று.

இறந்த இருவரும் அறிவிலிகளல்லர், அஞ்சியவருமல்லர். பிராணவாயு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனை நாடவேண்டும் என்னும் தெளிவே இல்லாதொழிந்தது. உயிர் காக்கும் கருவியை இயக்கும் பொறுப்பை, அக்கருவி இன்மையால் மயங்கும் ஒருவன் கையில் விடலாமா? விமானப் பிராணவாயுக் கருவிகளின் வரலாறு முழுவதும் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையேயாகும்.

முதல் உலக மகாயுத்தத்தில் ஜேர்மானிய விமானிகள் புகைக்குழாய் போன்ற ஊதுகுழலைப் பல்லிற் கடித்து ஒட்சிசனை உறிஞ்சினர். மயங்கிய வாயினின்று குழல் வீழ்ந்தால் அவர்தம் நிலை செனித்தின் நிலையே. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் டிரையர் 1917இல் அமைத்த கருவி வேறொரு வழியைக் காட்டிற்று. வளியமுக்கத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் உலோகப் பேழை, உயரம் கூடுந்தோறும் வாயுவைத் தானே மிகுத்து முகமூடிக்கு அனுப்பிற்று.

ஆயினும் மனிதன் கை உடனே விலகிற்றில்லை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலையை யப்பானிய விமானங்கள் தாக்கியபோது, சீனன்குடாவிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது அணியைச் சேர்ந்த 'ஹரிக்கேன்' விமானங்கள் எதிர்த்தெழுந்தன. அக்காலப் பிரித்தானியப் போர்விமானங்களில், உயரத்தைப் பார்த்து வாயுவின் அளவைத் திருகி வைக்கும் வேலை பெரும்பாலும் விமானிக்கே உரியதாயிருந்தது. பகைவனை நோக்கும் கண்ணே உயரமானியையும் நோக்கவேண்டியதாயிற்று. அந்த யுத்தகாலத்திலேயே 'தேவைக்கேற்ற வால்வு' பரவியது. விமானி மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் அது திறக்கும். உயரத்துக்கேற்ப விமான அறைக் காற்றையும் ஒட்சிசனையும் தானே கலந்து கொடுக்கும். வாயு வீணாதலும் குறைந்தது. மறதிக்கும் இடங் குறைந்தது.

1944 ஆகஸ்ட் 10ஆந் திகதி அதே சீனன்குடாவிலிருந்து அமெரிக்க 'பி-29' குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் நகரை நோக்கிப் புறப்பட்டன. அவற்றிற் பணியாளர் இருக்கும் அறைகளுக்குள்ளேயே அமுக்கம் ஊட்டப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டும் நான்கு மாதமுமான இடைவெளியில் ஒரே ஓடுபாதை இரு யுகங்களைக் கண்டது எனலாம்.

தாரை விமானங்கள் மேலும் உயர்ந்தன. 40,000 அடியிற் கலப்பற்ற ஒட்சிசனைச் சுவாசிப்பினும், 10,000 அடியிற் காற்றைச் சுவாசிக்கும் பயனே கிட்டும். அதற்கு மேல் வாயுவை அமுக்கத்துடன் நுரையீரலுட் செலுத்தல் வேண்டும். அப்போது மூச்சை உள்ளிழுத்தல் எளிதாய், வெளிவிடுதலே உழைப்பாகும். இயல்புக்கு மாறான இதனைப் பயிற்சியாலேயே கற்கலாம். ஏறத்தாழ 63,000 அடியில் உடல்வெப்பத்திலேயே நீர் கொதிக்குமாதலின், உடல் முழுவதையும் இறுக்கும் அமுக்க உடை இன்றியமையாததாகும். இத்தகைய பயிற்சிக்கும் ஆய்வுக்குமென இந்தியா 1957இல் பெங்களூரில் விமான மருத்துவக் கல்விக்கூடத்தை நிறுவிற்று. 1981 முதல் 2006 வரை இந்திய விமானப்படையிற் பணியாற்றிய 'மிக்-25' வேவு விமானங்களின் விமானிகள் அமுக்க உடையணிந்து 65,000 அடிக்கு மேலும் பறந்தனர்.

உருளையிலோ திரவமாகவோ கொண்டுசெல்லும் வாயு தீர்ந்துபோகும். ஆகவே விமானத்திலேயே ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும் முறை வந்தது. எஞ்சினிலிருந்து பெற்ற அமுக்கக்காற்றுச் சியோலைற்று என்னும் கனிமப் படுகையினூடு செல்லும்போது நைதரசன் அதிற் பற்றிக்கொள்ள, ஒட்சிசன் மிகுந்த வாயு வெளிவரும். ஒரு படுகை தொழிற்படுகையில் மற்றையது நைதரசனை வெளியேற்றித் தூய்மையுறும்.

இத்துணை வளர்ச்சிக்குப் பின்னரும் பழைய வினா மீண்டும் எழுந்தது. 2010 நவம்பரில் அமெரிக்காவின் அலாஸ்காவில் 'எஃப்-22' விமானமொன்றில் எஞ்சினிலிருந்து வரும் காற்றுத் தடைப்பட, மூச்சுவாயுவும் நின்றது. அவசர ஒட்சிசனைப் பெற இருக்கையோரத்து வளையமொன்றை விமானியே வலிந்திழுக்க வேண்டியிருந்தது. விமானம் வீழ்ந்து அவர் மாண்டார். முதல் விசாரணை பழியை விமானிமேற் சுமத்திற்று. அம்முடிவுக்குப் போதிய சான்றில்லையென 2013இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கண்காணிப்பு அலுவலகம் கூறிற்று. பின்னர் அவ்வகை விமானங்களில் தானே இயங்கும் மாற்று ஒட்சிசன் அமைப்புப் பொருத்தப்பட்டது. செனித்திலே எழாத கையும் அலாஸ்காவிலே வளையத்தைத் தேடிய கையும் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றே.

2025 மார்ச் 4ஆந் திகதி இந்தியாவின் 'தேஜஸ்' விமானத்தில், பெங்களூர் ஆய்வுக்கூடமொன்று உருவாக்கிய ஒட்சிசன் ஆக்கும் அமைப்பு 50,000 அடி உயரம்வரை சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. ஒட்சிசனின் அளவை அறியும் உணரியும் அவசர வாயு அமைப்பும் அதன் உறுப்புக்களாம்.

ஒருவன் தவறிழைத்தான் எனத் தீர்ப்புக் கூறுமுன், தவறாதிருக்கும் ஆற்றல் அவ்வேளை அவனிடம் இருந்ததா என ஆராய்தல் அறிஞர் கடன். மயங்கியவனைக் குறைகூறுதல் எளிது. மயங்கினும் அவனைக் காக்கும் கருவியைச் சமைத்தலே அரிது. விஞ்ஞானங் கற்கும் மாணவர் அரிய அப்பணியை மேற்கொள்வாராக.