இஸ்ரவேலரின் ஆலய வழிபாடும் ஆறுமுக நாவலரும்

யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவம் வளர்த்த பெரியார், தமிழ் வசனநடைக்கு வழிவகுத்தவர், பதிப்பாசிரியர் என்றே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். அவர் பைபிளை ஆழ்ந்து கற்றவரும்கூட. பண்டைய இஸ்ரவேலரின் ஆலய வழிபாடு எப்படி இருந்தது, கிறிஸ்தவம் அதிலிருந்து எவ்வாறு கிளைத்தது என்ற கேள்விகளுக்குப் பைபிளிலேயே விடை தேடி, அந்த விடைகளைத் தம் சமய வாதத்துக்கு அடித்தளமாக வைத்தவர் அவர். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்தில் தலைகாட்டிய இந்தச் சிந்தனை, 1854இல் சைவதூஷண பரிகாரம் என்ற நூலாக முதிர்ந்தது.

வாதம் எழுந்த இடம் யாழ்ப்பாணம். ஆனால் அந்த வாதத்தின் கனம் தெரிய வேண்டுமானால் திருகோணமலைக்குப் போக வேண்டும்.

இடிந்த இரண்டு கோயில்கள்

திருகோணமலைக் கோட்டை வாசலில் ஒரு கல் பதிந்திருக்கிறது. அதில் இரட்டைக் கயல் சின்னம். அருகே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய கோணேசர் கோயிலின் கல் அது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். துறைமுகம் பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கோட்டைக்கு 'பிரெட்ரிக் கோட்டை' என்று பெயர் வந்தது. கல் மட்டும் வாசலிலேயே நின்றது.

ரோம் நகரத்தில் இதற்கு இணையான ஒரு காட்சி உண்டு. கி.பி. 70இல் தீத்துவின் தலைமையில் ரோமப் படைகள் எருசலேம் தேவாலயத்தை இடித்துத் தீ வைத்தன. அந்த வெற்றியைக் கொண்டாட எழுந்த தீத்துவின் வளைவில், ஆலயத்தின் ஏழு கிளை விளக்கைப் படைவீரர் தோளில் சுமந்து செல்லும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வென்றவரின் வாசலில் தோற்றவரின் கோயில் பொருள்: இரண்டு இடங்களிலும் கதை ஒன்றுதான்.

ஆலயம் போன பிறகு என்ன செய்வது? யூதர்களுக்கு இது உயிர்க்கேள்வி. யூத சமய ஆசிரியர்களான ரபிகள் பலியின் இடத்தில் ஜெபத்தையும் வேதப் படிப்பையும் வைத்துச் சமயத்தைத் தொடர்ந்தனர். இயேசுவைப் பின்பற்றியவர்களோ, அவருடைய மரணமே இறுதிப் பலி என்று கொண்டனர். இன்றைய யூத சமயமும் கிறிஸ்தவமும் ஒரே இடிபாட்டுக்கு இரண்டு சமூகங்கள் சொன்ன இரண்டு மறுமொழிகள் என்று சொல்லலாம். கோணேசர் கோயில் நின்ற கோணமலையில் மக்கள் மூன்றாவது மறுமொழி ஒன்றைச் சொன்னார்கள். கோயில் இல்லாத மலைக்கே அவர்கள் தொடர்ந்து வந்தனர். சுவாமி மலை என்றும் அழைக்கப்படும் அந்த மலையின் செங்குத்தான விளிம்பில் பூசகர் நின்று தீபம் காட்டுவதையும், தேங்காயும் பூவும் கீழே கடலில் விழுவதையும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

பேர்சிவலின் மாணவர்

வெஸ்லியன் மிஷனரிகள் 1814இலும் அமெரிக்க மிஷனரிகள் 1816இலும் இலங்கை வந்து சேர்ந்தனர். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அவர்களுடைய இரு கைகள். வெஸ்லியன் மிஷனின் பீற்றர் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளியில் (இன்றைய மத்திய கல்லூரி) ஆறுமுகம் ஆங்கிலம் கற்றார். பிறகு அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பைபிளைப் புதிதாகத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டபோது, தமிழ் நடைக்குத் துணையாக அமர்த்திக்கொண்டது இந்த இளைஞரைத்தான். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

சைவ நெறியில் ஊறிய ஒரு தமிழறிஞர், ஆண்டுக்கணக்காகத் தினமும் பழைய ஏற்பாட்டை வரி வரியாகத் தமிழில் நிறுத்திப் பார்க்கிறார். அவர் கண்ணில் பட்டவை எவை?

அங்கே பசும்பொன் விளக்கு எரிகிறது. தமிழ் வேதாகமம் அதைக் குத்துவிளக்கு என்றே சொல்கிறது. காலையும் மாலையும் தூபம் இடப்படுகிறது. ஓய்வுநாள்தோறும் பன்னிரண்டு அப்பங்கள் இரண்டு அடுக்காகக் கடவுளின் முன்னிலையில் வைக்கப்படுகின்றன. வெள்ளைப்போளமும் கருவாப்பட்டையும் ஒலிவ எண்ணெயில் சேர்த்து அபிஷேக தைலம் காய்ச்சுகிறார்கள். ஆசாரியர் கைகால் கழுவாமல் உள்ளே நுழையக் கூடாது. அவர்கள் ஒரே வம்சத்தில் பிறந்தவர்கள். தலைமை ஆசாரியரின் அங்கியின் ஓரத்தில் பொன்மணிகள் ஒலிக்கின்றன. கருவறைக்கு நிகரான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அவர் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் போகிறார். பிணத்தைத் தொட்டவருக்குத் தீட்டு. சிவப்புக் கிடாரியை எரித்த சாம்பல் கலந்த நீரைத் தெளித்தால்தான் அது நீங்கும்.

சொற்களும் அதே கதையைச் சொல்கின்றன. ஆலயம், சந்நிதி, பலிபீடம், அபிஷேகம், நைவேத்தியம், தூபம் எல்லாம் சைவக் கோயிலில் புழங்கும் சொற்கள். மோசேயின் ஐந்து நூல்களுக்குத் தமிழில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று பெயர். கோயில் வழிபாட்டின் இலக்கணம் கூறும் சைவ நூல்களும் ஆகமங்களே. 'வேதாகமம்' என்ற சொல்லே சைவர் வாயில் வேதத்தையும் ஆகமத்தையும் சேர்த்துக் குறிக்கும். இஸ்ரவேலரின் வழிபாட்டைத் தமிழில் சொல்ல முயன்றவர்களுக்குக் கோயில் மொழியை விட்டால் வேறு மொழி கிடைக்கவில்லை.

உதயதாரகைக் கடிதம்

அமெரிக்க மிஷன் 1841இல் உதயதாரகை என்ற இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கியது. கோயில் சடங்குகளைப் பயனற்றவை என்றும் பேயின் வேலை என்றும் மிஷனரிகள் துண்டுப் பிரசுரங்களில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இதழிலேயே, அதே ஆண்டில், பெயர் சொல்லாத ஒரு சைவரின் கடிதம் வெளிவந்தது. எழுதியவர் நாவலர் என்று கருதப்படுகிறது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை.

நீங்கள் இகழும் சடங்குகள் உங்கள் வேதத்திலேயே உள்ளன; கிறிஸ்துவும் அந்த ஆலய வழிபாட்டில் வேர்விட்டவர்தாம் என்பதே கடிதத்தின் சாரம். அமெரிக்கச் சமய வரலாற்று அறிஞர் டென்னிஸ் ஹட்சன், சைவ மறுமலர்ச்சியின் தொடக்கத்தை விளக்கும்போது இக்கடிதத்துக்கு முக்கிய இடம் கொடுக்கிறார்.

சைவதூஷண பரிகாரம்

1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் நாவலர் முதல் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் பள்ளி வேலையை விட்டார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். மிஷனரிகளின் ஆயுதங்களான பள்ளி, பிரசங்கம், அச்சு மூன்றையும் அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டார். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தின் பொருள் பெயரிலேயே இருக்கிறது: சைவத்தின்மேல் சுமத்தப்பட்ட பழிகளுக்கு மறுப்பு.

மிஷனரிகள் எந்தச் சைவ வழக்கத்தைக் குறை கூறுகிறார்களோ, அதற்கு இணையானதைப் பைபிளிலிருந்து எடுத்து வைப்பதுதான் நூலின் முறை. தவம், தீர்த்த யாத்திரை, நீராட்டு, மந்திர உச்சரிப்பு, புண்ணியம், இலிங்க வழிபாடு என வரிசையாக ஒவ்வொன்றுக்கும் சான்று தேடுகிறார். இலிங்கத்தைக் கல் என்று பழிப்பவரை ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்தோடு நிறுத்திப் பார்த்தால் வாதத்தின் வலிமை விளங்கும். யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லை விடியற்காலையில் எடுத்துத் தூணாக நாட்டி, அதன்மேல் எண்ணெய் வார்த்து, அந்த இடத்துக்குப் பெத்தேல், அதாவது கடவுளின் வீடு, என்று பெயரிடுகிறான். கல்லை நட்டு எண்ணெய்க் காப்பிடும் செயலுக்கு ஈழத்துச் சிற்றூர்களில் எவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மிஷனரிகளிடம் இதற்கு மறுமொழி இருந்தது. பழைய சடங்குகள் வரப்போகும் கிறிஸ்துவின் நிழல்; அவர் வந்தபின் நிழலுக்கு வேலையில்லை என்றார்கள். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபமே இந்த வாதத்தை முன்வைக்கிறது. ஆனால் அதே புதிய ஏற்பாட்டில், குஷ்டம் நீங்கியவனை ஆசாரியனிடம் போய் மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்கிறார் இயேசு. நியாயப்பிரமாணத்தை அழிக்க வந்தேன் என்று எண்ணாதீர்கள் என்றும் சொல்கிறார். அவர் மறைந்த பிறகும் பேதுருவும் யோவானும் ஜெபவேளையில் தேவாலயத்துக்குப் போகிறார்கள்; பவுல் சுத்திகரிப்புச் செய்துகொண்டு அங்கே நுழைகிறார். ஆலயச் சடங்கு பேயின் வேலை என்றால் இவர்கள் செய்தது என்ன என்ற கேள்விக்கு நிழல் உவமை முழு விடையாகவில்லை.

எதிரொலி

நூலின் தாக்கத்தை மிஷனரிகளே பதிந்தனர். ஆசிரியரின் பைபிள் அறிவு வியக்கத்தக்கது என்றும், சைவத்துக்கு ஆதரவாகப் பெரிய விளைவு ஏற்பட்டதை மறுக்க முடியாது என்றும் வெஸ்லியன் மிஷன் குறிப்பு ஒன்று ஒப்புக்கொண்டது. கிறிஸ்தவர் தரப்பில் கறோல் விசுவநாதபிள்ளை சுப்பிரதீபம் எழுதி மறுத்தார். காலப்போக்கில் அவரும் சைவத்துக்குத் திரும்பினார்.

மிஷன் கல்வியில் வளர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராகித் தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தார். அவர் மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் கிறிஸ்தவப் போதகரானார். அந்த மகனே 1921இல் சைவ நாயன்மார் பாடல்களை ஜி. இ. பிலிப்ஸுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தார். இரண்டு வேதங்களையும் ஒரே வீட்டில் படித்த தலைமுறை அது.

மேற்கின் ஆராய்ச்சி

நாவலர் எழுதிய காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவக் கல்வி, யூத சமயத்தைக் காய்ந்துபோன சடங்குமுறையாகவே பெரும்பாலும் சித்திரித்தது. இயேசுவைப் பரிசேயர் என்ற யூதப் பிரிவின் மரபுக்குள் வைத்து விளக்கிய யூத அறிஞர் ஆபிரகாம் கைகர் தம் சொற்பொழிவுகளை வெளியிட்டது 1860களில். சவக்கடல் கரையில் கும்ரான் சுருள்கள் 1947இல் கிடைத்தபோது, அக்கால யூத சமயம் எத்தனை கிளைகள் கொண்டது என்பது கண்கூடாகத் தெரிந்தது. கத்தோலிக்கத் திருச்சபை தனது யூத வேரை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில் மதிப்போடு ஏற்றுக்கொண்டது. அறிஞர் கேசா வெர்மெஷ் 1973இல் இயேசுவை யூதராகவே வரைந்து காட்டினார். ஆய்வாளர் ஈ. பி. சாண்டர்ஸ் 1985இல் இயேசுவும் யூத சமயமும் பற்றிய தம் நூலில், ஆலயத்தில் காசு மாற்றுவோரின் பலகைகளை இயேசு கவிழ்த்த செயலையே ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளியாக வைத்தார்.

ஆலயத்தை ஒதுக்கிவிட்டு இயேசுவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது இன்று பொதுவான முடிவு. வண்ணார்பண்ணையில் அமர்ந்து பைபிளை மட்டும் கொண்டு நாவலர் தொட்ட இடமும் அதுதான்.

எல்லைகள்

நாவலரின் நோக்கம் யூத வரலாறு எழுதுவதன்று, சைவத்தைக் காப்பது. மிஷ்னா, தல்மூது போன்ற ரபிகளின் நூல்கள் அவருடைய வாதத்தில் இடம்பெறவில்லை. ஆலயம் இடிந்தபின் யூதர் எப்படி வாழ்ந்தனர் என்பதும் அவர் எடுத்துக்கொண்ட பொருளன்று. எதிர்த்தரப்பை அவர் கடுமையாகத் தாக்கவும் செய்தார். ஆயினும் பிறர் வேதத்தை மதித்து, முழுமையாகப் படித்து, அதன் சொந்தச் சொல்லைக் கொண்டே வாதிட்ட நேர்மை அவரிடம் இருந்தது. சடங்கு வெறும் கூடு அன்று, அதற்குள் பக்தி உயிரோடிருக்கிறது என்று இஸ்ரவேலருக்காகவும் சேர்த்தே அவர் பேசியதாகக் கொள்ளலாம்.

கோணமலையில் பின்னாளில்

நாவலர் காட்டிய வழியில் சைவப் பள்ளிகள் பல ஊர்களில் எழுந்தன. திருகோணமலையில் 1897இல் தோன்றிய இந்துக் கல்லூரி பின்னர் இராமகிருஷ்ண மிஷனிடம் வந்தது. சுவாமி விபுலாநந்தர் அங்கே அதிபராக இருந்தார். 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள் மறைந்திருந்த சோமாஸ்கந்தர் முதலான வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, கோயிலின் கற்களைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

சைவதூஷண பரிகாரத்தை வெறும் கண்டன நூலாக ஒதுக்கிவிடுவது தமிழருக்கு இழப்பு. லேவியராகமத்தை ஒரு கையிலும் அந்நூலை மறு கையிலும் வைத்துச் சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்து படிக்க வேண்டும். இரு சமயத்தாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் திருகோணமலையிலேயே அந்தப் படிப்பைத் தொடங்கலாம்.