ஆலயமும் ஐம்பொறிகளும்

கடவுள் வழிபாடு மனத்தளவில் முடிவதொன்றென்று கூறுவார் சிலர் உளர். நம் முன்னோர் அவ்வாறு கொண்டிலர். கண், செவி, மூக்கு, நா, மெய் என்னும் ஐம்பொறிகளும் இறைவன்பாற் செல்லுதற்குரிய இடமாகவே ஆலயத்தை அமைத்தனர். இதற்குக் கல்வெட்டுக்களே சான்று பகரும்.

முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அங்குக் கண்ணின் பொருட்டுத் திருவிளக்குக்கள் ஏற்பட்டன. ஒரு விளக்கு இரவும் பகலும் எரிதற்கு 96 ஆடுகள் இடையர்வசம் ஒப்புவிக்கப்பட்டன. அவர்கள் நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறப்பனவற்றைக் குட்டிகள் ஈடுசெய்யத் தொகை குன்றாதாகலின், அத்தகைய ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனச் சோழர் கல்வெட்டுக்கள் வழங்கும். செவியின் பொருட்டுத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவருமாக 50 பேர் நியமிக்கப்பெற்றனர். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு நெல் முக்குறுணி. திருமஞ்சன நீர் மணங்கமழ ஏலமும், செண்பக மொட்டும், இலாமிச்சை வேரும் இடுதற்கு முதற்பொருள் வைத்து, அதன் வட்டியினின்று செலவு செய்தனர். நாவிற்குத் திருவமுதும் மெய்க்குத் திருநீறும் இன்றும் நாம் பெறுவனவே.

நிற்க. இப்பேறு எல்லார்க்கும் ஒருபடித்தாய் வாய்த்ததோ? இல்லை. ஆலயத்து மணியோசை மதிலைக் கடந்து சென்றது. தூபத்தின் மணமும் அவ்வாறே சென்றது. அவற்றைத் தடுக்க வல்லார் ஒருவருமிலர். ஆயின் மூர்த்தியைக் காணும் காட்சியும், கையில் ஏற்கும் பிரசாதமும் வாயிலிலேயே மறுக்கப்பட்டன. செவிக்கும் மூக்கிற்கும் எட்டிய தெய்வம் கண்ணிற்கு எட்டாதாயிற்று. தேரோடும் வீதியிற் புகுதலுங்கூடச் சில ஊர்களிற் சிலர்க்குத் தடையாயிருந்தது.

1897-ஆம் ஆண்டில் கமுதி ஆலயத்துட் புகுந்து வழிபட்ட நாடார் பெருமக்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் பிரிவி கௌன்ஸில் வரை சென்று, 1908-இல் அவர்கட்கு எதிராகவே முடிந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவாங்கூர் மன்னர் பிரகடனத்தால் அந்நாட்டு ஆலயக் கதவுகள் திறந்தன. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாதையர் தலைமையில் ஆதிதிராவிடரும் நாடாரும் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துட் சென்றனர். 1947-இல் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது.

அன்பர்காள்! சட்டம் வாயிலைத் திறக்கும்; மனத்தைத் திறத்தல் நம் கடனாம். நம் மரபினர் பரிபாலனத்திலுள்ள ஆலயங்களை முதற்கண் நோக்குவோமாக. அங்கே தீபாராதனைக் காலத்தில் மணியோசை மட்டுங் கேட்டு வெளியில் நிற்பார் ஒருவரேனும் உளராயின், நாம் ஏற்றும் விளக்கு யார்பொருட்டு எரிகின்றது? அவரையும் உள்ளே அழைத்து, நம் கையாலேயே திருநீறு அளிப்போமாக. முன்னோர் அணையாவிளக்கு வைத்ததன் பயனும் அதுவேயாம்.