உடுவில் வளவில் மூத்த தம்பதி

சென்ற வாரம் 1833 ஜனவரியில் நிறுத்தினோம். உடுவில் மிஷன் வீட்டில் ஹேரியட் வின்ஸ்லோ கண்மூடியிருந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியை இனி யார் நடத்துவது என்ற கேள்வி அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அதே ஆண்டு ஒரு தம்பதி தட்டுமுட்டுச் சாமான்களோடு உடுவிலுக்குக் குடிவந்தார்கள். லெவி ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங். ஊராருக்கு அவர் ஸ்போல்டிங் ஐயர், மனைவி வெறும் 'அம்மா'. யாழ்ப்பாணத்துக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த அவர்கள் அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் அந்த வளவில் வாழ்ந்தார்கள்.

மிஷனரி வரலாறு எழுதுகிறவர்கள் கப்பல் வந்து இறங்கிய நாளை எழுதுவார்கள். முதல் ஞானஸ்நானத்தை, முதல் பள்ளியை, முதல் அச்சு இயந்திரத்தை எழுதுவார்கள். இந்தத் தொடரிலும் இதுவரை அப்படித்தான் வந்திருக்கிறோம். இறங்கியவர்கள் முப்பதாவது ஆண்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தலை நரைத்த பிறகு அவர்களுடைய காலையும் மாலையும் எப்படிக் கழிந்தன? இதற்கு உடுவிலை விட்டால் நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தக் கப்பலை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். 1819 ஜூன் 8-ஆம் தேதி பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' புறப்பட்டது. அதில் நான்கு இளம் தம்பதிகள்: வின்ஸ்லோ, ஸ்போல்டிங், உட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர். கல்கத்தா வந்து சேரவே நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அங்கிருந்து யாழ்ப்பாணம். கப்பல் ஏறியபோது லெவிக்கு 27 வயது. நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஜாஃப்ரி என்ற ஊரில் பிறந்து, டார்ட்மத் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் பள்ளியிலும் படித்தவர். மேரியின் பிறந்த வீட்டுப் பெயர் கிறிஸ்டி. கப்பல் ஏறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர்களுக்குக் கல்யாணம். அந்தக் காலத்து அமெரிக்க மிஷனில் கல்யாணமும் கடல் பயணமும் இப்படி அடுத்தடுத்து வருவது வழக்கமாகவே இருந்தது.

வந்து சேர்ந்த உடனே அவர்கள் தனித்துவிடப்பட்டார்கள். 1820-இல் இலங்கை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்க மிஷனரிகள் இனி புதிதாக வரக்கூடாது என்று தடை போட்டார். அச்சுத் தொழில் தெரிந்தவராக வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தடை 1833 வரை நீடித்தது. சாவு வந்தால் இடம் நிரப்ப ஆளில்லை. நோய் வந்தாலும் ஓய்வில்லை. பாஸ்டனுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர நான்கைந்து மாதம், பதில் வர இன்னும் அவ்வளவு. இருந்த சில குடும்பங்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதால்தான் அந்தப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்தன.

உடுவில், யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வடக்கே சுமார் ஐந்து மைல். செம்மண் தோட்டங்கள், துலா மிதிக்கும் கிணறுகள், கிடுகு வேலிகள், வேலிக்கு அப்பால் பனைகள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பழைய கோவிலும் வீடும் பாழடைந்து கிடந்த நிலத்தைத்தான் பிரிட்டிஷ் அரசு அமெரிக்கர்களுக்குக் கொடுத்திருந்தது. அதற்குக் கூரை போட்டு, சுவரைத் தூக்கிக் கட்டி, வீடும் ஆலயமும் பள்ளியும் ஆக்கினார்கள். கோடையில் சோளகம் புழுதியை வாரி இறைக்கும். மார்கழியில் வாடை எலும்பைத் தொடும். நியூ இங்கிலாந்தின் பனியில் வளர்ந்தவர்கள் இந்தக் காற்றுக்குப் பழகி, கடைசியில் வேறு காற்று வேண்டாம் என்ற நிலைக்கு வந்தார்கள்.

அவர்களை அனுப்பிய பாஸ்டன் மிஷன் சங்கத்தின் ஆண்டறிக்கைகளில் மேரிக்குக் கிடைத்த இடம் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் 'திருமதி ஸ்போல்டிங்' என்ற ஒரு சொல். ஆனால் உடுவில் வளவின் ஒரு நாளைத் தாங்கி நின்றவர் அவர். விடுதியில் பெண்பிள்ளைகள். அவர்களுக்கு அரிசி அளக்க வேண்டும், உப்பும் புளியும் பார்க்க வேண்டும், காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக் கஞ்சி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பாடத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமி சாஸ்திரம், வேதாகமம். அதோடு தையல். பிள்ளைகளின் உடையும் உணவும் ஊர் வழக்கத்திலேயே இருந்தன. சோறும் கறியும்தான், பாயில்தான் படுக்கை. வீட்டுக்குத் திரும்பும் பெண் தன் தாயின் அடுப்படிக்கு அந்நியமாகிவிடக்கூடாது என்பது மிஷனின் எண்ணம். அது சரியான எண்ணம் என்றே நான் கருதுகிறேன்.

பெண்ணைப் படிக்க அனுப்புவதே அன்று யாழ்ப்பாணத்தில் கேலிக்குரிய காரியம். அடுத்த வளவுக்காரர் என்ன சொல்வார் என்ற பயம் ஒரு பக்கம், மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் மறுபக்கம். இரண்டாவது பயத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அதற்காகத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு விஷயமும் சின்னதல்ல. மிஷனின் தொடக்க நாட்களில் வட்டுக்கோட்டையில் படித்த சைவ வேளாளப் பையன்கள் மிஷன் நிலத்தில் சமைத்த சோற்றைத் தொடமாட்டோம் என்றார்கள். பக்கத்துச் சைவர் ஒருவரின் நிலத்தில் அடுப்படி போட்டுச் சோறு ஆக்கியபிறகே உண்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் பெண்பிள்ளைகளின் விடுதியை நாற்பது ஆண்டுகள் கட்டிக்காப்பதற்கு ஒவ்வொரு வீட்டின் மனக்குறையும் தெரிந்திருக்க வேண்டும். யார் வீட்டில் யார் சொல் எடுபடும், எந்தப் பாட்டி சம்மதித்தால் பேத்தி வருவாள் என்பது தெரியாமல் இந்த வேலை ஒரு மாதம்கூட ஓடாது. எந்த ஆண்டறிக்கையிலும் பத்தி பெறாத அறிவு இது.

பிறகு கல்யாணம். உடுவில் பள்ளி ஏன் இருந்தது என்பதற்கு மிஷனின் நேரான பதில் ஒன்று உண்டு. வட்டுக்கோட்டை செமினறியில் படித்துக் கிறிஸ்தவரான இளைஞனுக்குச் சைவ வீட்டில் பெண் கட்டினால் அவன் பழைய வழிக்குப் போய்விடுவான். ஆகவே அவனுக்கு ஏற்ற மனைவியை நாமே வளர்ப்போம். படிப்பை முடிக்கும்வரை பிள்ளையை அழைத்துப்போவதில்லை என்று பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதில் மிஷனரிக்கும் பங்கு உண்டு. படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்த காலமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சீதனம் இல்லாமல் கல்யாணம் ஏது? ஆகவே ஐயரும் அம்மாவும் எத்தனையோ பெண்களுக்குப் பெண்வீட்டார் ஆனார்கள். அந்தப் பெண்ணின் விருப்பம் இதில் எவ்வளவு கேட்கப்பட்டது என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. அவளுடைய பெற்றோர் வீட்டில் மட்டும் கேட்டிருப்பார்களா என்பதும் உண்மை. இருந்தாலும் வாசிக்கத் தெரிந்த ஒரு தாய் முதன்முறையாக ஒரு கிராமத்து வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

1840-இல் மேரிக்குத் துணை வந்தது. நியூயார்க்கிலிருந்து எலைசா ஆக்னியூ என்ற திருமணமாகாத பெண் உடுவிலுக்கு வந்து பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அவர் பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 'ஆயிரம் மகள்களின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள். அவருக்குத் தனி அத்தியாயம் வரும். ஸ்போல்டிங் தம்பதியும் ஆக்னியூவும் முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரே வளவில் கூடி உழைத்தார்கள் என்பதை மட்டும் இப்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஐயரின் பக்கம். கிராமப் பள்ளிகளைப் பார்வையிடுவது, ஞாயிறு பிரசங்கம், ஊர் ஊராய்ப் போய்ப் பேசுவது எல்லாம் எல்லா மிஷனரிகளுக்கும் உள்ளவை. 1834-இல் தோணியில் கடலைக் கடந்து மதுரைக்குப் போய், அங்கே அமெரிக்க மிஷன் தொடங்க வழி பார்த்தவரும் இவரே. தமிழில் பாட்டுகள் எழுதினார். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தமிழாக்கினார். ஆனால் இவர் பெயர் தமிழ் உள்ளவரை நிற்கப்போவது வேறொரு காரியத்தால்.

நல்லூரில் இருந்த ஆங்கிலிக்கன் மிஷனரி ஜோசப் நைட் ஆண்டுக்கணக்கில் தமிழ்ச் சொற்களைத் திரட்டிவந்தார். அந்தத் திரட்டு ஸ்போல்டிங் கைக்கு வந்தது. சந்திரசேகர பண்டிதரின் புலமையோடு 1842-இல் அது நூலாக வெளிவந்தது. 58,500 சொற்கள், தமிழுக்குத் தமிழிலேயே பொருள், அகரவரிசை. மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சானதால் 'மானிப்பாய் அகராதி' என்றும், 'யாழ்ப்பாண அகராதி' என்றும் சொல்லுவோம். வீரமாமுனிவரின் சதுரகராதிக்குப் பிறகு இது பெரிய பாய்ச்சல். நிகண்டுச் செய்யுளை மனப்பாடம் செய்தவன் மட்டுமே சொல்லின் பொருளை அறியலாம் என்ற நிலை மாறி, எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம் என்றாயிற்று. உடுவிலில் படித்த பெண்ணும் புரட்டிப் பார்க்கலாம்.

ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வெள்ளைக்கார ஐயரும் ஏடு கற்ற பண்டிதரும் எதிரெதிரே உட்கார்ந்து பொருள் தேடும் அந்த வேலையில் யார் குரு, யார் சீடர்? சொல்லின் உயிர் பண்டிதரிடம் இருந்தது. அதை வரிசைப்படுத்தி அச்சுக்குக் கொண்டுபோகும் பழக்கம் ஐயரிடம் இருந்தது. அட்டையில் ஐயர் பெயரைத் தேடுகிறவர்கள் பண்டிதர் பெயரையும் சேர்த்தே உச்சரிக்க வேண்டும் என்று இந்தத் தொடரில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அதே உடுவிலில்தான் முத்துக்குமாரக் கவிராயரும் வாழ்ந்தார். 'ஞானக்கும்மி', 'யேசுமத பரிகாரம்' என்று மிஷனரிகளை மறுத்துப் பாடியவர். மிஷன் வளவில் ஜெபம் நடக்கும் ஊரிலேயே அந்த மதத்துக்கு மறுப்பும் பாட்டாய் எழுந்தது. 1840-களின் இறுதியில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கியபோது போட்டி இன்னும் கூர்மையாயிற்று. ஊர் தன்னை ஏற்கவில்லை என்பதைத் தினமும் கேட்டுக்கொண்டே அந்த ஊரில் நாற்பது ஆண்டுகள் வாழ எப்படிப்பட்ட மனம் வேண்டும்!

1844-இல் இருவரும் அமெரிக்கா போனார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு சொந்த மண். மிஷன் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுப் பிரிந்து வாழ்ந்த காலம் அது. கப்பல் ஏற்றிய பிள்ளையை மறுபடி காண்போமா என்று தெரியாது. வின்ஸ்லோவின் மகன் சார்ல்ஸ் அப்படிப் போய் 1832-இல் அங்கேயே இறந்தான். ஐம்பதைத் தாண்டிய ஸ்போல்டிங் அங்கேயே ஒரு சின்ன ஊரில் போதகராக இருந்து நிம்மதியாக மூப்படைந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தம்பதி உடுவிலுக்குத் திரும்பினார்கள். 27 வயதில் கப்பல் ஏறியபோது முன்னே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. இந்தமுறை எல்லாம் தெரியும். காய்ச்சல் தெரியும், கல்லறைகள் தெரியும், கும்மிப் பாட்டும் தெரியும். இந்த இரண்டாவது பயணம்தான் என்னை அதிகம் நெகிழ வைக்கிறது.

திரும்பி வந்த பிறகு காலம் எப்போதும் அவர்கள் பக்கம் இருக்கவில்லை. 1855-இல் பாஸ்டனிலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் குழுவின் ஆய்வுக்குப் பின் வட்டுக்கோட்டை செமினறி மூடப்பட்டது. உடுவிலில் ஆங்கிலம் நிறுத்தப்பட்டு எல்லாம் தமிழ் என்றாயிற்று. முப்பது ஆண்டு உழைப்பில் பாதியை ஒரு தீர்மானம் அழித்தது. 1866-இல் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் தன் தமிழ் மாணவர்களோடு போராடிக்கொண்டிருந்தார். ஸ்போல்டிங்குக்கு அப்போது 75 வயது. 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்ததையும் அவர் பார்த்துவிட்டார்.

1873 ஜூன் 18-ஆம் தேதி லெவி ஸ்போல்டிங் உடுவிலில் மறைந்தார். 82 வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. அதே ஆண்டு கிறீனும் நாடு திரும்பினார். மேரி போகவில்லை. கூட ஆக்னியூ இருந்தார். விடுதிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பலர் அவர் வளர்த்த பெண்களின் மகள்கள்.

இண்டஸ் கப்பலில் வந்த மற்றவர்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன். உட்வர்டின் மனைவி 1825-இல் போனார், ஹேரியட் வின்ஸ்லோ 1833-இல், உட்வர்ட் அடுத்த ஆண்டு கோயம்புத்தூரில். ஸ்கடரின் மனைவி சென்னையில் 1849-இல். ஜான் ஸ்கடர் 1855-இலும் மைரன் வின்ஸ்லோ 1864-இலும் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் உயிர்விட்டார்கள். நான்கு தம்பதிகளில் ஒரு தம்பதிதான் சேர்ந்து கிழவன் கிழவி ஆனது. 1874-இல் மேரி ஸ்போல்டிங்கும் உடுவிலில் கண்மூடினார். அந்தக் கப்பலில் வந்த எட்டுப் பேரில் கடைசி ஆள் அவர்.

(தொடரும்)