திரும்பி வரும் வழியில் ஆறு நிமிடங்கள்

படுவான்கரையில் எனது தாய்மாமன் ஒருவர் இருந்தார். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயல் செய்தவர். 1990களின் நடுப்பகுதியில் அவருக்கு மலத்துடன் இரத்தம் போகத் தொடங்கியது. மூலவியாதி என்றார்கள் ஊரார், அவரும் நம்பினார். அக்காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே புலிகள், கிழக்கே எழுவான்கரையில் இராணுவம். மண்முனைத் துறையைக் கடந்து பட்டினத்துக்கு வருவதென்றால் ஒரு பகல் சோதனைச்சாவடிகளிலேயே கழியும். மாமா வரவில்லை. வந்தபோது காலம் கடந்திருந்தது. கொழும்புக்கு அவரை அழைத்துச் சென்றவன் நான். பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். அடுத்த மாரியை அவர் காணவில்லை.

கடந்த ஆண்டு எனக்கும் கொலனோஸ்கோப்பி செய்தார்கள். ஒரு சிறு பொலிப்பை, அதாவது குடற்சுவரில் முளைக்கும் தசைமுளையை, கண்டு அப்போதே அகற்றினார்கள். இத்தகைய முளைகளுட் சிலவே, பெரும்பாலும் பத்தாண்டளவு கழித்துப் புற்றாக மாறுகின்றன. மாமாவுக்குக் கிடைக்காத அந்தப் பத்தாண்டு எனக்குக் கிடைத்தது. அந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்ததும் அதுவே.

உடலுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் முயற்சி, 1806 இல் ஜேர்மனியரான பொசினி மெழுகுவர்த்தியைக் கொண்டு செய்த கருவியிலேயே தெரிகின்றது. 1868 இல் குஸ்மௌல் என்னும் மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைவழியே நேரான குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்க முயன்றார். ஆனால் வளைந்து நெளியும் குடலுக்கு நேரான குழாய் உதவுமா? ஒளியே வளைய வேண்டியிருந்தது.

அதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. இலண்டனில் ஹரல்ட் ஹொப்கின்சுடன் இணைந்து, மெல்லிய கண்ணாடி இழைக்கற்றையினூடாகப் படத்தைக் கடத்தலாம் என 1954 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். அதனைப் படித்த பசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957 இல் அமெரிக்காவில் முதலாவது இழை அகநோக்கியை உருவாக்கினார். 1969 இல் நியூயோர்க்கில் வொல்ஃப், ஷின்யா ஆகிய இருவரும், வயிற்றைக் கிழிக்காமலே கம்பிக் கண்ணியால் பொலிப்பை அகற்றும் முறையைத் தொடங்கினர். 2009 இல் கண்ணாடி இழை ஆய்வுக்கான நோபல் பரிசு சார்ள்ஸ் காவோவுக்குச் சென்றது. கபானிக்கு அதில் பங்கில்லை. அவர் 2020 இல் காலமானார்.

கருவி வந்துவிட்டால் போதுமா? போதாது என்பதை 2006 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குழாயை உள்ளே செலுத்திய பின் மெதுவாக வெளியே இழுக்கும்போதுதான் உண்மையான தேடல் நடைபெறுகின்றது. சராசரியாக ஆறு நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள் 28.3 சதவீதமானோரில் முளைகளைக் கண்டனர், அவசரப்பட்டவர்கள் 11.8 சதவீதமானோரில்தான் கண்டனர். கருவி ஒன்றே, கண்கள்தாம் வேறு. 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வு, அடினோமா வகை முளைகளைக் கண்டறியும் மருத்துவரின் வீதம் ஒரு சதவீதம் கூடும்போது, பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயம் மூன்று சதவீதம் குறைவாகக் காணப்பட்டது என்றது.

நோயாளிக்கும் பங்குண்டு. குடல் கழுவும் மருந்தை முதல்நாள் மாலை பாதியும் பரிசோதனை நாள் காலை மீதியுமாகக் குடித்தால் குடல் நன்கு சுத்தமாகும். மாரிவெள்ளம் கலங்கிய வாவியில் மீன் தெரியாது என்பதை எங்களூரவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது கணினியும் துணைக்கு வந்துள்ளது. முளையைக் கண்டு திரையில் கட்டமிட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு 2021 இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஆயினும் 2025 இல் போலந்திலிருந்து வந்த ஆய்வொன்று எச்சரிக்கின்றது: அக்கருவி பழக்கத்துக்கு வந்தபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அதே மருத்துவர்களின் கண்டறியும் வீதம் 28.4 இலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது.

மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்பட்டது. படுவான்கரையிலிருந்து பட்டினத்துக்கு வர இன்று துறையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரத்தம் கண்டால் மூலவியாதி என்று சொல்லி வீட்டிலிருப்போர் இன்றும் எங்களிடையே உண்டு. பாலம் போட்டாயிற்று, கடந்து வரவேண்டியது நாம்தான்.