மடங்களின் வரலாறு கண்ட மாதவர்

கோயிலுக்கும் மடத்துக்கும் பொருள் வழங்குதல் பெரும்புண்ணியம் என்பது நம் முன்னோர் கொள்கை. அங்ஙனம் வழங்கிய பொருள் நெடுங்காலம் நின்று பயன் தருவது எதனால், இடையே பாழ்படுவது எதனால் என்னும் வினா, கொடையாளர் ஒவ்வொருவர் உள்ளத்தும் எழுதற்குரியது. இதற்கு விடை காண்பதற்கு நம் நாட்டுச் செய்திகளேயன்றிப் பிறநாட்டுச் செய்திகளும் துணைபுரியும். இங்கிலாந்து தேசத்தில் அறுநூறு ஆண்டுகள் ஓங்கி நின்ற கிறித்தவத் துறவியர் மடங்கள், 1536 முதல் 1540 வரையுள்ள நான்கே ஆண்டுகளில் அடியோடு அழிந்தன. அவை தோன்றியதும், வளர்ந்ததும், தளர்ந்ததும், வீழ்ந்ததும் ஆகிய வரலாறு முழுவதையும் அம்மரபில் வந்த துறவி ஒருவரே ஆராய்ந்து எழுதினார். அவர் டேவிட் நோல்ஸ் அடிகளார் ஆவர். அவருடைய வாழ்வும் ஆராய்ச்சியும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப்பெறும்.

அடிகளார் 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் வாரிக்ஷயர் வட்டாரத்து ஸ்டட்லி என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மைக்கேல் கிளைவ் என்பது. டவுன்சைடு மடத்தைச் சார்ந்த பள்ளியிற் பயின்று, 1914-இல் அம்மடத்திலேயே துறவு மேற்கொண்டு, டேவிட் என்னும் துறவுப் பெயர் பெற்றார். அம்மடம் பெனடிக்டு முனிவர் வகுத்த ஒழுங்கைப் பின்பற்றுவது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு மோன்தே காசினோ மலைமேல் மடம் அமைத்தவர் பெனடிக்டு. நாள்தோறும் பலமுறை கூடி வழிபாட்டுப் பாடல்களை ஓதுதல், கையால் உழைத்தல், சமயநூல் வாசித்தல் என அவர் நாட்பொழுதைப் பகுத்தமைத்தார். அவர் வழி நிற்போர்க்குத் தனியுடைமை இல்லை. தலைவர் சொல்லைக் கடவாமையும், ஏற்றுக்கொண்ட மடத்தை விட்டு நீங்காமையும் அவர்கள் இறுதிவரை காக்க வேண்டிய விரதங்கள்.

நோல்ஸ் அடிகளார் கேம்பிரிட்ஜில் இலக்கியமும் தத்துவமும் பயின்று முதல் வகுப்பில் தேறினார். 1922-இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் ரோமாபுரியிற் சமயநூற் கல்வி கற்றார். அவர் எழுதிய முதல் வரலாற்று நூல் 1926-இல் வெளிவந்தது. அது மடங்களைப் பற்றியது அன்று. அமெரிக்க நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றியது. மடத்துக்குத் திரும்பிய அவரிடம் இளந்துறவியரைப் பழக்கும் பொறுப்பு அளிக்கப்பெற்றது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தம் முன்னோரான ஆங்கிலத் துறவியரின் பழைய ஏடுகளை ஆழ்ந்து பயிலத் தொடங்கினார்.

பழைய துறவியரின் கடுந்தவத்தைக் கற்கக் கற்க, தாம் வாழும் மடத்தின் நிலை அவருக்கு நிறைவு தரவில்லை. பெரிய பள்ளி ஒன்றை நடத்துவதிலேயே மடத்தின் பொழுது கழிகின்றது, தியானத்துக்கும் மௌனத்துக்கும் இடம் குறைகின்றது என்று அவர் எண்ணினார். அதே கருத்துடைய இளந்துறவியர் சிலரும் அவருடன் சேர்ந்தனர். கடுமையான ஒழுக்கத்துடன் புதிய மடம் ஒன்று காணுதற்கு அவர்கள் இசைவு வேண்டினர். தலைவர் இசையவில்லை. 1933-இல் அடிகளார் லண்டன் மாநகரின் மேற்கேயுள்ள ஈலிங் கிளைமடத்துக்கு மாற்றப்பெற்றார். ரோமாபுரிக்கு விடுத்த முறையீடும் பயன் தரவில்லை.

ஈலிங்கில் அவருக்குப் பொறுப்புகள் மிகுதியாக இல்லை. தனிமையும் மனவருத்தமும் மிகுந்த அவ்வாண்டுகளிலேதான் அவருடைய தலைசிறந்த நூல் உருவாயிற்று. நூல் அச்சேறுதற்கு முன்னரே, 1939-இல், மனமும் உடலும் நலிந்து, இசைவு பெறாமலே மடத்தை நீங்கினார். அதனாற் குருப்பணி செய்யும் உரிமையை இழந்தார். தலைவர் சொற்கடவாமையும் மடத்தை நீங்காமையும் ஆகிய இரண்டு விரதங்களிலும் தவறியவர் என்று அவரைக் குறை கூறியோர் உண்டு; உயர்ந்த தவவாழ்வை நாடியவரைத் தடுத்ததே பிழை என்று பரிந்து பேசியோரும் உண்டு. 1952-இல் மடத்துக்கு வெளியே வாழும் இசைவு முறைப்படி வழங்கப்பெற்று, அப்பிணக்கு ஒருவாறு தணிந்தது.

இனி நூலுக்கு வருவோம். ‘இங்கிலாந்தில் துறவியர் மரபு’ என்னும் பொருளுடைய அப்பெருநூல் 1940-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கேம்பிரிட்ஜில் வெளியாயிற்று. பத்தாம் நூற்றாண்டில் டன்ஸ்டன் முனிவர் கிளாஸ்டன்பரி மடத்தைப் புதுப்பித்தது தொடங்கி, 1216 வரையுள்ள செய்திகளை அது கூறும். 1066-இல் நார்மானியர் நாட்டைக் கைப்பற்றியதும், அவர்களைத் தொடர்ந்து வந்த லான்பிராங்கு முதலிய பெருந்துறவியர் ஆங்கில மடங்களைத் திருத்தியமைத்ததும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்டர்சியர் என்னும் புதிய மரபினர் வந்து பரவியதும் அதிற் காணலாம்.

இந்நூலிற் கூறப்பெறும் நிகழ்ச்சி ஒன்று தனியே நினைவிற் கொள்ளத்தக்கது. 1132-இல் யார்க்கு நகரத்துச் செல்வம் மிக்க தூய மரியன்னை மடத்தில் வாழ்ந்த துறவியர் பதின்மூவர், அங்கே ஒழுக்கம் தளர்ந்ததாக உணர்ந்து, பெனடிக்டு முனிவரின் ஒழுங்கை உள்ளவாறே கைக்கொள்ள விழைந்தனர். தலைவர் மறுத்தார். பெரும்பூசல் விளைந்தது. யார்க்குப் பேராயர் தர்ஸ்டன் அவர்களுக்கு அடைக்கலம் அளித்து, ஸ்கெல் என்னும் சிற்றாற்றங்கரையில், முட்புதர் மண்டிய பள்ளத்தாக்கில் இடம் கொடுத்தார். கடுங்குளிரில் மரத்தடியே அவர்களுக்கு முதல் உறைவிடம் ஆயிற்று என்பர். அதுவே பின்னர்ப் பௌண்டன்ஸ் என்னும் பெயருடன் நாடறிந்த மடமாக ஓங்கிற்று. எண்ணூறு ஆண்டுகள் கழித்து நோல்ஸ் அடிகளார் வேண்டிநின்றதும் அப்பதின்மூவர் வேண்டியதையே. அவர்களுக்குப் பேராயர் ஒருவர் துணைநின்றார். இவருக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை. எனினும் யார்க்கு மடத்தலைவரை வசைபாடுதற்குத் தம் எழுதுகோலை அவர் பயன்படுத்தவில்லை. இரு திறத்தாரின் நியாயத்தையும் எடுத்துரைத்தார். தம் நெஞ்சிற் புண்பட்ட பொருளிலேயே நடுவுநிலை காத்தமை அவருடைய பெருமை.

சிஸ்டர்சியர் வரலாற்றிலிருந்து கொடையாளர் அறியத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. அம்மரபினர் தொடக்கத்தில் ஊர்களையும் குடிகளையும் கொடையாகப் பெற மறுத்தனர். மக்கள் நடமாட்டமற்ற தரிசு நிலங்களையே ஏற்று, தாமும் தம்மோடு சேர்ந்த உழைப்புத் துறவியரும் பாடுபட்டுத் திருத்தினர். சாயம் தோயாத வெண்கம்பளி உடுத்தனர். அந்நிலங்கள் ஆடு மேய்த்தற்கு ஏற்றவையாக இருந்தன. ஆட்டு மந்தைகள் பெருகின, கம்பளி வாணிகம் வளர்ந்தது, செல்வம் குவிந்தது. பின்னாளில் சில மடங்கள் வருங்காலக் கம்பளிக்கு இத்தாலிய வணிகரிடம் முன்பணம் பெற்றுக் கடனிலும் சிக்கின. உழைப்பும் எளிமையும் செல்வத்தைத் தந்தன. வந்த செல்வம் அவ்வெளிமையைக் கரைத்தது. நிலம் விட்ட கொடையாளர் எவரும் இவ்விளைவை நினைத்து விடவில்லை.

முதல் நூலின் தொடர்ச்சியாக ‘இங்கிலாந்தில் துறவியர் சபைகள்’ என்னும் பொருளுடைய மூன்று தொகுதிகள் 1948, 1955, 1959 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. நான்கு நூல்களும் சேர்ந்து 1540 வரையுள்ள வரலாற்றை நிறைவு செய்கின்றன. பிற்காலத்து மடங்களின் உள்நிலையை அறிதற்கு அவர் பயன்படுத்திய சான்றுகளுள் சிறந்தவை மேற்றிராணியார் எனப்பெறும் வட்டாரச் சமயத்தலைவர்களின் விசாரணைக் குறிப்புகள். பதினைந்தாம் நூற்றாண்டில் லிங்கன் வட்டாரத்து மேற்றிராணியார் ஆல்னிக் என்பவர் மடந்தோறும் சென்று, துறவியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவி, அவர் கூறியவற்றை எழுதுவித்தார். இரவு வழிபாட்டுக்குத் துயிலெழாமை, தலைவர் வரவு செலவுக் கணக்குக் காட்டாமை, மௌனம் காவாமை, கூரை ஒழுகுதல் போன்ற குறைகளே இத்தகைய குறிப்புகளிற் பெரிதும் காணப்படுவன. பெருங்குற்றம் சிலவிடத்து உண்டு. பலவிடத்துக் காணப்படுவது சோர்வே. இவற்றுள் ஒன்றையும் அடிகளார் மறைக்கவில்லை.

மூன்றாந்தொகுதி அழிவுக்காலத்தைக் கூறுவது. எட்டாம் ஹென்றி மன்னன் போப்பாண்டவரின் தலைமையை மறுத்துத் தானே திருச்சபைத் தலைவனானான். 1535-இல் நாட்டிலுள்ள சமய உடைமைகளின் ஆண்டு வருவாய் முழுவதும் கணக்கெடுக்கப்பெற்றது. 1536-இல், ஆண்டு வருவாய் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களை அரசு கைக்கொள்ளச் சட்டம் பிறந்தது. பெருமடங்கள் பின்னர் ஒவ்வொன்றாக ஒப்படைப்பு முறி எழுதிக் கொடுத்தன. 1540 மார்ச்சு 23-ஆம் நாள் வால்தம் மடம் ஒப்படைக்கப்பெற்றதுடன் எல்லாம் முடிந்தன. ஏறத்தாழ எண்ணூறு மடங்கள் இவ்வாறு மறைந்தன. கூரையின் ஈயத்தகடுகள் உருக்கப்பட்டன, மணிகள் விற்கப்பட்டன, ஏடுகள் சிதறின, நிலங்கள் அரசன்பால் இருந்து செல்வர் கைக்கு மாறின.

இவ்வழிவுக்கு யார் பொறுப்பு? மடங்கள் கெட்டுப்போயின, ஆதலால் அழிந்தன என்பது ஒரு சாரார் கூற்று. மடங்கள் மாசற்றவை, மன்னன் பேராசையே காரணம் என்பது மற்றொரு சாரார் கூற்று. துறவியாகிய நோல்ஸ் இரண்டாவது சாராரைச் சேர்வார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவரோ இரண்டையும் ஒப்பவில்லை. மன்னனின் ஆட்கள் மடங்களின்மேற் சுமத்திய பழிகளை அப்படியே நம்பலாகாது என்று காட்டினார். அதேபொழுதில், பல மடங்களில் தவக்கனல் அவிந்து, வழக்கம் மட்டுமே எஞ்சியிருந்தது என்பதையும், பெரும்பாலான தலைவர்கள் எதிர்ப்பின்றிக் கையெழுத்திட்டனர் என்பதையும் ஒளியாது எழுதினார்.

அவ்விருளிடையே சுடர்விட்டோரையும் அவர் மறவாது போற்றினார். லண்டன் மாநகரத்துக் கார்த்தூசிய மடத்தினர் தனிக்குடில்களில் மௌனவிரதம் காத்துக் கடுந்தவம் இயற்றியவர்கள். மன்னனின் புதிய தலைமையை ஏற்க மறுத்தமையால், அவர்தம் தலைவர் ஜான் ஹௌட்டன் 1535 மே 4-ஆம் நாள் கொலைத்தண்டனை அடைந்தார். 1537-இல் அம்மடத்தினர் பதின்மர் நியூகேட் சிறையில் விலங்கிடப்பெற்றுப் பட்டினியில் விடப்பட்டனர். ஒன்பதின்மர் அங்கேயே மாண்டனர். எஞ்சிய ஒருவர் 1540-இற் கொல்லப்பட்டார். நாடறிந்த செல்வமடமாகிய கிளாஸ்டன்பரியின் முதுபெருந் தலைவர் ரிச்சர்டு வைட்டிங் 1539 நவம்பர் 15-ஆம் நாள் அவ்வூர்க் குன்றின்மேல் தூக்கிலிடப்பட்டார். ஒழுக்கம் குன்றாத கார்த்தூசிய மடத்தில் உறுதியாக நிற்க ஆள் இருந்தது என்னும் உண்மை அடிகளார் நூலைப் படிப்போர்க்குத் தெளிவாகும்.

இத்தகைய உழைப்பை உலகம் அறிந்துகொண்டது. 1944-இல் கேம்பிரிட்ஜின் மிகப் பழைய கல்லூரியாகிய பீட்டர்ஹவுஸ் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1947-இல் இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். 1954-இல் அரசரால் நியமனம் பெறும் வரலாற்றுப் பேராசிரியப் பீடம் அவருக்குக் கிட்டியது. அப்போது முதலமைச்சராக விளங்கியவர் சர்ச்சில். 1895-இல் அப்பீடத்தில் அமர்ந்த ஆக்டன் பிரபுவும் கத்தோலிக்கரே. எனினும் அவர் இல்லறத்தார். மடங்களைக் கலைத்த அதே அரசபீடம், நானூறு ஆண்டுகளுக்குப் பின் துறவி ஒருவரை நாட்டு வரலாறு உரைக்க அமர்த்திற்று. அவர் ஆற்றிய தொடக்கப் பேருரை வரலாற்றாசிரியரும் மனிதர் குணநலனும் என்னும் பொருள் பற்றியது. 1963-இல் ஓய்வு பெற்றார்.

அவர் பெருநூல்களோடு நின்றவர் அல்லர். இடைக்கால மடங்களின் அட்டவணை ஒன்றை ஹாட்காக்கு என்பவருடன் கூடி 1953-இல் வெளியிட்டார். மடங்களின் இடிபாடுகளை வானூர்தியிலிருந்து எடுத்த படங்களுடன் விளக்கும் நூல் 1952-இல் வெளிவந்தது. 940 முதல் 1216 வரை மடங்களை ஆண்ட தலைவர்களின் பெயர்வரிசை, வேறு இருவர் துணையுடன் 1972-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை எழுபத்தைந்து. குருபரம்பரையைப் பிழையின்றி வரிசைப்படுத்துவது எத்துணைக் கடினம் என்பதை ஏட்டுக்கல்வி உடையார் அறிவர். அவர் நூல்களிற் குறையும் உண்டு. பெண்துறவியர் மடங்களுக்கு அவர் பெரும்பாலும் இடம் தரவில்லை. பிற்கால ஆராய்ச்சியாளர் அக்குறையை நிரப்பி வருகின்றனர்.

1974 நவம்பர் 21-ஆம் நாள் அடிகளார் மறைந்தார். அவர் விரும்பிய புதிய மடம் எழவேயில்லை. அவர் எழுதிய நூல்கள் இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு முதற்படியாக உள்ளன.

பௌண்டன்ஸ் மடத்தின் உயர்ந்த கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 1986-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. காண்போர் கூட்டம் கூட்டமாக வருகின்றனர். ஆயின், நள்ளிரவில் எழுந்து ஓதுதற்கு அங்கே ஒருவரும் இல்லை. கொடையாளர் கொடுத்தவை நிலமும் கல்லும் பொன்னும். நாள் வழிபாடு தவறாமை, கணக்கை மறையாமை, எளிமை குன்றாமை ஆகியன உள்ளிருப்போர் கொடுக்க வேண்டியவை. உள்ளிருப்போர் தம் பங்கைக் கொடாதவிடத்துக் கொடையாளர் பங்கு வெறுஞ்சுவராய் நின்றுவிடும் என்பதை அடிகளாரின் நான்கு நூல்களும் காட்டுகின்றன. ஆதலின் பொருள் வழங்கிய அன்பர்கள், வழங்கியதுடன் கடமை முடிந்தது என்று அமையாமல், நாள்வழிபாடு முட்டின்றி நடக்கின்றதா, ஓதுவோர் உளரா, கணக்கு உரியவாறு காட்டப்பெறுகின்றதா என்று ஆண்டுதோறும் அன்புடன் கேட்டறிதல் வேண்டும். அங்ஙனம் கேட்பதும் திருப்பணியே ஆகும்.