துண்டிலிருந்து குடும்ப அட்டை வரை

கடன்பட்ட குடும்பத்தின் கையிலே ஒருநாள் சிறிது மொத்தப் பணம் வந்து சேருமாயின் அதனை எவ்வாறு செலவிடுதல் தகும்? இவ்வினாவுக்கு விடை கூறுவோர் நாட்டிலே குறைவில்லை. வட்டி மிகுந்த கடனை முதலில் அடை. அடகு நகையை மீள். எஞ்சியதை வங்கியில் இடு. விருந்திலும் வேடிக்கையிலும் கரைத்துவிடாதே என்பர். நாமும் வகுப்பறையிலே 'சிக்கனம்' என்னுந் தலைப்பில் எத்தனை கட்டுரைகள் எழுதுவித்திருக்கிறோம்! அறிவுரையிலே பிழையில்லை. ஆனால், பணத்தைப் பெறுபவன் அதனை ஆளும் உரிமையையும் உடன் பெறுகின்றான் என்று அது முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் கடன் வரலாற்றைச் சிறிது புரட்டினால் இவ்வெண்ணம் நிலைபெறாது.

அவர்கள் இலங்கையிற் கால் வைத்ததே கடனோடுதான். கங்காணி தமிழகத்துக் கிராமங்களிலே ஆள் கட்டியபோது, வழிச்செலவும் சோறும் துணியும் தோட்டத்திலிருந்து அவன் பெற்ற முன்பணத்திலே கொடுக்கப்பட்டன. கொடுத்தது எவ்வளவு, பேரேட்டில் ஏறியது எவ்வளவு என்பதை அறிந்தவன் கங்காணி ஒருவனே. எழுத்தறியாத தொழிலாளி அதனை எவரிடம் கேட்பான்? இக்கடனைச் சுற்றியே 'துண்டு' முறை எழுந்தது. இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்குங் கடிதமே துண்டு. புதுத் தோட்டத்துத் துரை அத்தொகையைக் கொடுத்து ஆட்களை ஏற்றுக்கொள்வார். கடன் தீர்ந்ததா? ஒரு தோட்டத்துப் பேரேட்டிலிருந்து மற்றொரு தோட்டத்துப் பேரேட்டுக்கு அது குடிபெயர்ந்தது, அவ்வளவே. ஆள் தட்டுப்பாடு மிகுந்த காலங்களிலே கங்காணிமார் தம் கூட்டத்தோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாறித் துண்டின் தொகையை உயர்த்திக்கொண்டனர். உயர்ந்த தொகை கங்காணியின் மடியிலே; அதன் சுமை தொழிலாளியின் பெயரிலே. சென்னை அரசாங்கத்துக்காக மார்ஜோரிபாங்க்ஸ், மரைக்காயர் ஆகிய இருவரும் 1917இல் அளித்த அறிக்கை இக்கடன் நிலையை எடுத்துரைத்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தது, பற்று எழுதும் வழக்கம் ஒழியவில்லை. கடைக்காரனின் கொப்பியும் தீபாவளி முற்பணமும் அடகுக்கடைச் சீட்டும் அவ்விடத்தை நிரப்பின. ஒரு தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் அடுத்த தீபாவளி வரையிலே மாதந்தோறும் சம்பளத்திலே வெட்டப்படும்.

இந்நிலையிலேதான் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை நிறுவியது. தொடக்கத்திலே தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 4, தொழில்கொள்வோனிடமிருந்து 6 என்று பணம் செலுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கணக்கேட்டின் பற்றுப் பக்கத்திலேயே தம் பெயரைக் கண்ட மக்களுக்கு வரவுப் பக்கத்திலும் ஒரு கணக்குத் தோன்றியது. தொழிற்சங்க இயக்கத்தின் பேறுகளுள் இதனை நாம் சிறிதாக மதிப்பிடலாகாது. ஆனால் அப்பணம் கைக்கு வருவது எப்போது? ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில். அல்லது, நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறும்போது.

இவ்விரண்டாவது வாயில் இலட்சக்கணக்கானோருக்குத் திறந்துவிடப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டவர்களை, 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் எண்ணிக்கையாற் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒப்பந்தத்திலே பணம்பற்றியும் ஒரு விதி உண்டு. செல்வோர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகத்தக்க உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழ்க் குறைக்கப்படமாட்டாது. இத்தொகையைக் கண்டு, 'கூலிகளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது' என்று பேசினோரும் உளர். அதிர்ஷ்டமா? தாமே உழைத்துச் சேர்ந்த ஊதியத்தின் பிடித்துவைத்த பகுதியையே அவர்கள் பெற்றனர். அதனைப் பெறுவதற்கு விலையாகப் பிறந்த மண்ணைக் கொடுத்தனர்.

அப்பணம் லயத்துக் காம்பராவுக்குள் வந்தபின் நேர்ந்ததையும் பார்ப்போம். கடைக்காரன் கொப்பியோடு வருவான். ஊர்விட்டுப் போகிறவனிடம் தவணை கேட்க இயலுமா? அடகுவைத்த தோட்டையும் மூக்குத்தியையும் மீட்காமற் கடல் கடக்கப் பெண்கள் இசையார். அக்கரையிலே விற்கத்தக்க பொருள் அது ஒன்றே என்பதை அவர்கள் நன்கறிவர். இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. கொழுந்து பறித்த பெண்ணின் பெயரிலும் சேமலாபக் கணக்கு இருந்தது. ஆனால் அவளுடைய மாதச் சம்பளத்தையே கணவனோ தந்தையோ கையேற்ற தோட்டங்கள் பல. அத்தகைய வீட்டிலே மொத்தப் பணத்தைப் பங்கிடும் பேச்சில் அவள் குரல் எவ்வளவு ஒலித்திருக்கும்? சாராயக் கடைக்குப் போன பங்கையும் நாம் மறுக்கவில்லை. குடும்பக் கணக்கு என்று நாம் பொதுவாகப் பேசுவது பெரும்பாலும் ஆணின் கணக்கே.

எனினும், 'ஊதாரிகள்' என்று முழு மக்களையும் பழிப்போர் 1973, 1974ஆம் ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு நேர்ந்து தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம் அது. பாத்திரத்தை விற்று உண்ட குடும்பத்தின் கையிலே, சிறிது பின்னர் சில ஆயிரம் ரூபா வந்து சேருமாயின், முதற் செலவு சோறாகவே இருக்கும்.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம், பின் மண்டபம் முகாம். கையிலே கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய குடும்ப அட்டை. இன்ன குடும்பத்துக்கு இன்ன மறுவாழ்வு என்று அதிலே எழுதப்பட்டிருக்கும். நீலகிரியிலே தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் சிலர். நூற்பாலைகளுக்கு அனுப்பப்பட்டோர் சிலர். பெருந்தொகையினருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். 1970களிலே அது 5,000 ரூபா அளவினது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் முள்ளுக் குத்தவும் மட்டுமே கற்ற மனிதனை, தான் என்றும் கண்டிராத வறண்ட கிராமமொன்றிலே கடை வை என்றது அரசாங்கம். அவனை அறிந்த வாடிக்கையாளர் ஒருவரும் அங்கில்லை. கடனை வாங்கித் தருவதற்குத் தரகன் ஒருவன் இருந்தான். அவன் தன் பங்கை எடுத்துக்கொண்டான். 'சிலோன் பணம்' வந்திருக்கிறது என்று கேள்வியுற்ற உறவினரும் திடீரெனப் பெருகினர். இருந்த முதல் உணவாகக் கரைய, கடைக்கடன் மட்டும் பெயரிலே எஞ்சியது. இதற்கு நல்ல விதிவிலக்குகள் உண்டு. கடையை நிலைநிறுத்தியோரும் நிலம் வாங்கியோரும் இருந்தனர். பெரும்பாலும் அவர்கள் முன்னரே கையிற் சிறிது முதலும் ஊரிலே உண்மையான உறவும் உடையோர்.

ஏனையோர் மறுபடியும் மலையைத் தேடினர். தெரிந்த தொழில் அங்கேதான் இருந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறிய பலர் தோட்டங்களிலும் காடுகளிலும் கூலிகளாயினர். கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றபோது, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்திருந்தனர். அதே 1980களிலேதான், கொடைக்கானல் மலைக்காடுகளிலே ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்த தாயகம் திரும்பிய குடும்பங்கள் கண்டறியப்பட்டு விடுவிக்கப்பட்டன. இந்தியாவிலே கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அக்குடும்பங்களைப் பிணித்தது ஒப்பந்தக்காரன் கொடுத்த முன்பணம். கணக்கை எழுதியவனும் அவனே.